விக்கிரமாதித்தன் என்றதும் மனதில் வரும் அந்தப் படம்: குழந்தைகள் புத்தக ஓவியங்கள் கற்பனையை வளர்க்குமா, கட்டிப்போடுமா?

கண்ணை மூடிக்கொண்டு 'விக்கிரமாதித்தன், வேதாளம்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். என்ன தெரிகிறது?

ஒரு கையில் உருவிய வாள். தோளில் தொங்கும் பிணம். இருட்டில் நடந்து வரும் ராஜா. நீங்கள் நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் பெரும்பாலும் இந்தப் படம்தான் வந்திருக்கும். மதுரையில் வளர்ந்தவருக்கும் இதே படம், சென்னையில் வளர்ந்தவருக்கும் இதே படம். அவ்வளவு ஏன், ஹைதராபாத்தில் இருந்துகொண்டு தெலுங்கில் படித்தவருக்கும் இதுதான்.

இத்தனை பேர் தலைக்குள் ஒரே படம் எப்படிப் போனது? காரணம், ஓர் ஓவியர். பெயர் கே.சி.சிவசங்கரன். வாசகர்களுக்கு அவர் 'சங்கர்'. 1924இல் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1952இல் 'அம்புலிமாமா'வில் சேர்ந்து பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சங்கர் செய்தது என்ன? குழந்தைகளின் கற்பனைக்குத் தீனி போட்டாரா? இல்லை, ஆளாளுக்கு ஒரு விக்கிரமாதித்தனைக் கற்பனை செய்யும் வாய்ப்பைப் பறித்துவிட்டாரா?

இது பழைய கேள்வி. ஆனால் இன்று வீட்டுக்கு வீடு எழும் கேள்வியும்கூட. குழந்தைக்குப் படப் புத்தகம் வாங்குவதா, யூடியூபில் கதை போட்டு விடுவதா, படமே இல்லாமல் பாட்டி சொல்லும் கதை போதுமா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சில விஷயங்கள்

* எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தை படத்தைத்தான் 'படிக்கிறது'.
* படம் கற்பனைக்கு எதிரி அல்ல. கற்பனை வேலை செய்யத் தேவையான கச்சாப் பொருள் அது.
* ஆனால் எல்லாப் படமும் ஒன்றல்ல. பக்கம் முழுக்க அடைத்து வரைந்தால் கவனம் சிதறும்.
* புத்தகத்தில் யாரை வரைகிறார்கள், யாரை வரையாமல் விடுகிறார்கள் என்பது, குழந்தை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதையும் தொடுகிறது.

குழந்தைகள் புத்தகத்துக்குள் படம் எப்போது வந்தது?

குழந்தைகளுக்கான முதல் படப் பாடநூல் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுவது 1658இல் வெளிவந்த ஒரு புத்தகம். எழுதியவர் இன்றைய செக் குடியரசுப் பகுதியைச் சேர்ந்த கல்வியாளர் கொமேனியஸ். 'படங்களில் உலகம்' என்று பொருள் வரும் லத்தீன் தலைப்பு. படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண்ணோடு அந்தப் பொருளின் பெயர் எழுத்தில் இருக்கும். அடி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், 'முதலில் பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும்' என்றது அந்தப் புத்தகம்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் 'அ – அணில், ஆ – ஆடு' அட்டை நினைவுக்கு வருகிறதா? அதன் கொள்ளுத் தாத்தா என்று இந்தப் புத்தகத்தைச் சொல்லலாம்.

ஆனால் அதில் படத்தின் வேலை பொருளை அடையாளம் காட்டுவது மட்டும்தான். படமே கதை சொல்ல ஆரம்பித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். இங்கிலாந்தைச் சேர்ந்த ராண்டால்ஃப் கால்டிகாட், பாட்டில் இல்லாத விஷயங்களையும் படத்தில் வரைந்தார். எழுத்து ஒன்று சொல்லும், படம் அதற்கு மேல் ஒன்று சொல்லும். அவர் பெயரில்தான் அமெரிக்காவில் 1938 முதல் ஒவ்வோர் ஆண்டும் சிறந்த படப் புத்தக ஓவியருக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள்.

ஓவியர்களுக்கு மரியாதை சட்டென்று கிடைத்துவிடவில்லை. குழந்தை இலக்கியத்தின் மிகப் பெரிய சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது, எழுத்தாளர்களுக்கு 1956இல் தொடங்கியது. ஓவியர்களுக்கு 1966இல்தான். பத்து வருடம் தாமதம்!

குழந்தையின் கண் பக்கத்தில் எங்கே போகிறது?

நீங்கள் மடியில் உட்காரவைத்துக் கதை படிக்கிறீர்கள். விரலை வைத்து வரிவரியாக வாசிக்கிறீர்கள். குழந்தையும் அந்த வரியைத்தான் பார்க்கிறது என்று நினைப்போம். அதுதான் இல்லை.

கண் எங்கே நகர்கிறது என்று பதிவுசெய்யும் கருவியை வைத்து, கனடாவில் 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. பெரியவர்கள் கதை வாசிக்கும்போது நான்கு வயதுக் குழந்தைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார்கள். கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தைத்தான் பார்த்தார்கள். எழுத்தின் பக்கம் கண் போனதே அபூர்வம்.

அதாவது, குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கதை ஓடுகிறது. காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு கதையைத் தலைக்குள் தைக்கிறது குழந்தை. கற்பனை என்று நாம் சொல்வது அந்தத் தையல் வேலையைத்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக். 1963இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில், குறும்பு செய்ததற்காகச் சாப்பாடு கொடுக்காமல் அறைக்கு அனுப்பப்படுகிறான் மேக்ஸ் என்ற சிறுவன். அந்த அறையிலேயே காடு முளைக்கிறது. கடல் வருகிறது. பூதங்கள் வருகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது படங்களின் அளவு. ஆரம்பத்தில் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை இடம். மேக்ஸின் கற்பனை பெருகப் பெருகப் படமும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கத்தையும் படம் முழுசாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. பூதங்களோடு மேக்ஸ் போடும் ஆட்டத்துக்குச் சத்தம், பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் படிக்கிற குழந்தைதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

படம் பேசும்போது சொல் வாயை மூடிக்கொள்கிறது. சொல் இல்லாத இடத்தில் குழந்தை பேச ஆரம்பிக்கிறது. நல்ல படப் புத்தகத்தின் சூட்சுமம் இதுதான்.

படம் காட்டினால் கற்பனை குறைந்துவிடாதா?

"எங்க காலத்துல படமெல்லாம் ஏது? பாட்டி சொல்வாங்க, நாங்களே நினைச்சுப்போம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். பாட்டி சொன்ன கதையில் வரும் கிணறு, ஆலமரம், மாட்டுக்கொட்டகை எல்லாம் குழந்தை தினமும் பார்த்தவை. அதனால் சொல்லைக் கேட்டதும் படம் தானாக வந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் மூன்று வயதுக் குழந்தையிடம் 'ஏற்றம்' என்றோ 'குதிர்' என்றோ சொன்னால், அதன் மனதில் எதுவும் தோன்றாது. முன்பின் பார்க்காததை வைத்துக் கற்பனை செய்ய முடியாது. இங்கேதான் படம் உதவுகிறது.

சரி, அப்படியென்றால் அசையும் படம் இன்னும் நல்லதுதானே? கார்ட்டூன் போட்டுக் காட்டினால் எல்லாமே தெரியுமே?

இதற்குப் பதில் தேடி அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஹட்டன் குழு ஓர் ஆய்வு செய்தது. 3 முதல் 5 வயது வரையுள்ள 27 குழந்தைகள். அவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மூன்று விதமாகக் கதை கொடுத்தார்கள். ஒன்று, குரல் மட்டும். இரண்டு, குரலோடு அசையாத படங்கள். மூன்று, அனிமேஷன். மூளையின் எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள்.

* குரல் மட்டும்: மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி கடுமையாக வேலை செய்தது. ஆனால் மற்ற பகுதிகளோடு தொடர்பு குறைவு. குழந்தை கதையைப் பிடிக்கத் திணறியது என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டார்கள்.
* அனிமேஷன்: கேட்கும் பகுதியும் பார்க்கும் பகுதியும் சுறுசுறுப்பாக இருந்தன. ஆனால் பகுதிகளுக்கு இடையேயான தொடர்பு குறைந்தது. ஓடும் படத்தைத் துரத்துவதிலேயே சக்தி போய்விட்டது. கதையை நினைவில் வைத்துக்கொள்வதும் இதில்தான் குறைவு.
* குரலோடு படம்: மொழிப் பகுதிக்குச் சுமை குறைந்தது. பார்ப்பது, மனக்கண்ணில் காண்பது, புரிந்துகொள்வது ஆகிய பகுதிகள் ஒன்றோடொன்று நன்றாகக் கைகோத்தன.

அசையாத படம் குழந்தைக்கு ஒரு பிடிமானம் தருகிறது. ஆனால் முழுவதையும் தந்துவிடுவதில்லை. பக்கத்தில் ஓடும் முயல் உண்மையில் ஓடவில்லை. அதை ஓடவைப்பது குழந்தைதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது 27 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. இதை வைத்துக்கொண்டு 'கார்ட்டூன் பார்த்தால் மூளை கெட்டுவிடும்' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது தவறு. மடியில் வைத்துப் படித்துக் காட்டுவதற்குப் பதிலாக முழு நேரமும் போனைக் கொடுத்துவிட வேண்டாம். அதற்கு இது போதுமான காரணம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் படம் அதிகம் இருந்தால் இன்னும் நல்லதா?

இல்லை. கண்ணைப் பறிக்கும் கலர், பக்கம் முழுக்க பலூன், நட்சத்திரம், பட்டாம்பூச்சி என்று இருக்கும் புத்தகத்தைத்தான் நாம் ஆசையாக வாங்குகிறோம். ஆனால் அது எப்போதும் உதவுவதில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேருக்குக் கடையில் விற்கும் ஒரு புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். அதிலேயே சில பக்கங்களில் கதைக்குச் சம்பந்தமில்லாத அலங்காரப் படங்களை நீக்கி, தேவையானதை மட்டும் வைத்திருந்தார்கள். அலங்காரம் நீக்கிய பக்கங்களில் கண் அலைபாய்வது குறைந்தது. கதை புரிந்ததும் அதிகம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வு, மூன்றரை வயதுக் குழந்தைகளைப் பற்றியது. புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கத்திலும் படம் இருப்பதைவிட, ஒரே ஒரு பக்கத்தில் படம் இருக்கும்போது குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள். இரண்டு படம் இருந்தால், அம்மா இப்போது எதைப் பற்றிப் படிக்கிறார் என்று குழந்தைக்குக் குழப்பம். படிப்பதற்கு முன் கையை அசைத்து 'இந்தப் படம்தான்' என்று காட்டியபோது அந்தக் குழப்பம் நீங்கியது.

விலங்குகளுக்குச் சட்டை போடலாமா என்பது அடுத்த கேள்வி. கோட்டுப் போட்ட முயல், கண்ணாடி போட்ட கரடி எல்லாம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். கதைக்கு அது அழகுதான். ஆனால் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கண்டது என்னவென்றால், மனிதர்களைப் போலப் பேசி வாழும் விலங்குகள் உள்ள புத்தகத்தைப் படித்த சிறு குழந்தைகள், நிஜ விலங்குக்கும் மனிதக் குணங்கள் உண்டு என்று நினைக்கிறார்கள். அந்த விலங்கைப் பற்றிய உண்மைத் தகவல்களைக் கற்பதும் குறைகிறது.

அதனால் கோட்டுப் போட்ட முயலைத் தூக்கிப் போட வேண்டாம். கதைக்கு ஒரு முயல், அறிவியலுக்கு இன்னொரு முயல் என்று இரண்டு வகைப் புத்தகமும் வீட்டில் இருக்கட்டும்.

பயமுறுத்தும் படங்கள் கூடாதா?

செண்டாக்கின் பூதங்களைப் பார்த்து அந்தக் காலத்தில் சில பெரியவர்கள் பதறினார்கள். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்றார்கள். ஆனால் குழந்தைகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். சின்ன வயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய சொந்தக்காரர்களை மனதில் வைத்துத்தான் அந்தப் பூதங்களை வரைந்ததாக செண்டாக் பின்னாளில் சொன்னார். அந்தச் சொந்தக்காரர்கள் யார் வீட்டில் இல்லை?

நம்ம ஊர்க் குழந்தைகளும் சளைத்தவர்கள் அல்ல. தோளில் பிணத்தோடு வரும் ராஜாவை மாதாமாதம் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பது, ராத்திரியில் அந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குவது என்று எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்!

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. டிவியில் வரும் பயங்கரம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புத்தகத்தில் வரும் பூதம் அப்படியல்ல. பக்கத்தைத் திருப்புவதும் மூடுவதும் குழந்தையின் கையில். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்க்க அது ஓர் இடம் தருகிறது. அதே நேரம், குழந்தை 'வேணாம்' என்று சொன்னால் கட்டாயப்படுத்திக் காட்டக் கூடாது.

'ஸ்கின் கலர்' கிரேயான்: புத்தகத்தில் யார் இருக்கிறார்கள்?

குழந்தை மனிதப் படம் வரையும்போது கவனித்திருக்கிறீர்களா? "ஸ்கின் கலர் குடு" என்று கேட்கும். கிரேயான் பெட்டியில் அது கைநீட்டுவது வெளிர் ரோஸ் நிறத்துக்கு. கேட்கிற குழந்தையின் கையோ மாநிறம், இல்லையென்றால் நல்ல கறுப்பு. யாருடைய தோல் அந்த ரோஸ்? யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்த படங்கள் சொல்லிக்கொடுத்தன.

இதே கதை அமெரிக்காவில் ஒரு விவாதமாகவே வெடித்தது. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 குழந்தைகள் புத்தகங்களில், கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை வெறும் 349. அதாவது 6.7 சதவீதம். கறுப்பினக் குழந்தைகள் மட்டுமல்ல, வெள்ளையினக் குழந்தைகளும் இதனால் உலகத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றார் அவர்.

அந்தக் காலகட்டத்தில்தான் 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் வரைந்து எழுதிய ஒரு புத்தகம் வந்தது. பனி பெய்த ஒரு நாளில் பீட்டர் என்ற சிறுவன் வெளியே போய் விளையாடுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் பீட்டர் கறுப்பினச் சிறுவன். கீட்ஸ் கறுப்பினத்தவர் அல்ல. 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த சின்னப் பையன் ஒருவனின் புகைப்படங்களை வெட்டி வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவரிடமே இருந்த அந்தப் பையன்தான் பீட்டராக மாறினான்.

புத்தகம் வந்த பிறகு ஓர் ஆசிரியை கீட்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அவருடைய வகுப்புக் கறுப்பினக் குழந்தைகள் அதுவரை தங்களை வரைய ரோஸ் நிறக் கிரேயானை எடுப்பார்களாம். இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு முதல்முறையாகப் பழுப்பு நிறத்தை எடுத்தார்கள் என்று எழுதியிருந்தார்.

கதையில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வேலை செய்தது முழுக்கப் படம்தான். அந்தப் புத்தகத்துக்கு 1963இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் எடுக்கப்பட்ட புத்தகம் எது என்று 2020இல் பட்டியலிட்டபோது, முதலிடம் இதற்குத்தான். 4,85,583 முறை!

குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று 1990இல் எழுதினார் அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப். கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம். ஜன்னல் வழியாக மற்றவர்களைப் பார்க்கலாம். ஜன்னல் மட்டுமே உள்ள வீட்டில் வளரும் குழந்தை, உலகத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

தமிழில் நிலைமை என்ன?

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா', தமிழ், தெலுங்கு என்று ஆரம்பித்துப் பல இந்திய மொழிகளுக்குப் போனது. சித்ரா, சங்கர், எம்.டி.வி.ஆச்சார்யா, வட்டாதி பாப்பையா என்று அதன் ஓவியர்கள் வரைந்த அரண்மனையும் கோயிலும் நகையும் உடையும், புராண காலம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பல தலைமுறைகளுக்கு மனதில் பதித்துவிட்டன.

இன்னொரு பக்கம் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த சோவியத் குழந்தைப் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் கண்காட்சிகளில் மலிவு விலைக்குக் கிடைத்தன. பனியைக் கண்ணால் பார்க்காத தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பனிக்காட்டையும் மரவீட்டையும் கம்பளித் தொப்பியையும் அந்தப் படங்களில்தான் பார்த்தார்கள். அது ஜன்னல்.

கண்ணாடி? அது மெதுவாகத்தான் வந்தது. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம், நம் ஊர்த் தெரு, நம் ஊர் வீடு, நம் ஊர் நிறத்தில் குழந்தைகள் என்று படப் புத்தகங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. 1994இல் தொடங்கிய சென்னையின் தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களைப் படப் புத்தகத்துக்குள் அழைத்து வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் இரவில் மரங்கள் எப்படி இருக்கும் என்று வரைந்த புத்தகம், கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்டது. இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் 2008இல் அதற்கு விருது கிடைத்தது.

விலைதான் பலருக்குப் பிரச்சினை. கலர் அச்சு, கெட்டித் தாள் என்பதால் படப் புத்தகத்துக்குக் காசு கூடுதல். அதற்கும் வழி இருக்கிறது. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று வாசிப்புத் திறனுக்கு ஏற்றபடி சின்னச் சின்னப் படப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. முதல் முறை எழுத்தைப் படிக்காதீர்கள். படத்தை மட்டும் புரட்டி, "என்ன நடக்குது?" என்று குழந்தையையே கதை சொல்லவையுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம்.

2. பக்கம் திருப்பும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வேதாளம் கதை முடிவில் கேள்வி கேட்குமே, அதே உத்திதான்.

3. எந்தப் படத்தைப் பற்றிப் படிக்கிறீர்களோ அதைக் கையால் காட்டுங்கள்.

4. வாரத்தில் ஒரு கதையாவது படமே இல்லாமல் சொல்லுங்கள். பிறகு தாளும் கிரேயானும் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

5. புத்தகம் வாங்கும் முன் பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்கள். சமைப்பது யார்? வண்டி ஓட்டுவது யார்? நல்லவர் என்ன நிறம், கெட்டவர் என்ன நிறம்? உங்கள் வீட்டைப் போல ஒரு வீடு அதில் இருக்கிறதா?

6. எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் வாசித்துக் காட்டுங்கள். படம் தானாக வருவதில்லை, ஒருவர் உட்கார்ந்து வரைகிறார், நாளைக்கு நானும் வரையலாம் என்று குழந்தைக்குத் தெரியட்டும்.

7. கேட்ட புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் படத்தில் புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது குழந்தை.

கடைசியாக, சங்கர் என்ன செய்தார்?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். எல்லோர் மனதிலும் ஒரே விக்கிரமாதித்தனைப் பதித்து, கற்பனையைக் கட்டிப்போட்டாரா சங்கர்?

அந்தப் படத்தை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ராஜா நடந்துகொண்டே இருக்கிறார். எங்கிருந்து வந்தார், இன்னும் எவ்வளவு தூரம் என்று படம் சொல்லவில்லை. வேதாளத்தின் குரல் எப்படி இருக்கும்? அதற்கும் படத்தில் பதில் இல்லை. மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தெரியாது. ராஜாவின் முகத்தைச் சங்கர் கொடுத்தார். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு குழந்தையும் தன் ஊர்ச் சுடுகாட்டையும், தன் தெருமுனைப் புளியமரத்தையும் வைத்து நிரப்பிக்கொண்டது.

ஆக, எல்லோருக்கும் ஒரே ராஜா. ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இருட்டு.

இன்று ராத்திரி உங்கள் குழந்தை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "படம் மட்டும் பார்த்துட்டுத் தூங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அது படம் 'மட்டும்' பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இருட்டில் என்ன தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.